கடற்கரையில் கவ்வாத்து

ஜெயந்தினிக்குக் கோபம் வந்தால் பக்கத்துக் காம்பராவில் கேத்தல் கொதிக்கும் என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். கேத்தலின் கீழே நெருப்பு இருந்தால்தான் கொதிக்கும். ஆனால் சும்மா கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர், அவள் வாசலைத் தாண்டிப் போனதும் பொங்கி அடுப்பை அணைத்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அதற்கு மேல் மூச்சு உள்ளவரை நடை என்று ஏறினால் அவர்கள் தேயிலைத் தோட்டம் வரும். மழை தொடங்கினால் கொடியில் போட்ட துணி காய்வதற்கு முன்னால் பாசி பிடிக்கும். ஒரு வருடம் இராமையாவின் துவாயில் காளான் முளைத்து, அதைப் பிடுங்கி அழகம்மா கறி வைத்து, நாலு வீட்டுக்காரர்கள் கிண்ணம் நீட்டி வாங்கிப் போனார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த இராமையாவுக்கும் அழகம்மாவுக்கும் கடைசிப் பிள்ளை இவள்.

பதினாலு வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போனாள். மூன்றாம் நாள், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை குனிந்து இவள் கூடைக்குள் பார்த்தார்.

"அழகம்மா, ஒம் மக கை நல்லா ஓடுதே! வயசு வந்தோன தோட்டத்து வேலைக்குப் பேரப் பதிஞ்சிருவோம்."

பாராட்டாகத்தான் சொன்னார். ஜெயந்தினிக்கு எட்டு வருடத்துக்குப் போதுமான கோபம் அன்றைக்கே வந்துவிட்டது. அந்தக் கோபத்திலேயே சாதாரணதரம் பாஸ் பண்ணினாள். அதே கோபத்தில் உயர்தரம். மிச்சமிருந்த கோபத்தில் ஹோட்டல் படிப்பு. பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கவுண்டரில் இரண்டு வருடம் நின்றாள். கவுண்டர் என்றால் அவளுக்கு உயிர். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை. அந்தப் பக்கம் வருகிறவர்கள், இந்தப் பக்கம் இவள். அந்தப் பலகை நடுவில் இருக்கும்வரை அவள் கை எப்படி ஓடுகிறது என்று யாரும் குனிந்து பார்க்க முடியாது.

இருபத்து நாலாவது வயதில் மாலைதீவில், சுற்றுலாவுக்கென்றே வைத்திருக்கும் ஒரு சின்னத் தீவில், அதே கவுண்டர் வேலை கிடைத்தது. போனிலேயே மூன்று நேர்முகம். கடைசி நேர்முகத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். தன் தாய் முப்பத்தொரு வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுப்பவள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் யாரோ எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "அற்புதம்!" என்றார்கள். அதில் என்ன அற்புதம் என்று அவளுக்கு விளங்கவில்லை. வேலை கிடைத்த சந்தோசத்தில் கேட்கவும் இல்லை.

கிளம்புகிற காலையில் அப்பாவிடம் சொன்னாள். இராமையாவுக்குக் காது மந்தம்.

"மாலேக்குப் போயிட்டு வாறேன்ப்பா!"

"மலைக்கா?" என்று அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை. மலைக்குப் போவதென்றால் வேலைக்குப் போவது. "இம்புட்டுப் படிச்சிப்புட்டு மலைக்கா போற?"

"மலை இல்லப்பா, மாலே! மாலைதீவு! கடலு!"

"கடலோரத்துல எவன்டி தேயில போட்டான்?"

லயமே சிரித்தது. ஜெயந்தினியும் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை தீவில் இறங்கினாள். பணியாளர்களைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் ரொஷான் கொழும்புக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட சிரிப்பு. சிங்களத்தில் பேசினார், தங்கச்சி என்கிற இடத்தில் நங்கி என்றார்.

"திங்கட்கிழமைதான் வேலை, நங்கி. அதுவரைக்கும் தீவைச் சுத்திப் பாருங்க. கடல்ல குளிங்க. சந்தோசமா இருங்க."

சுற்றிப் பார்க்க அதிகம் இல்லை. ரொட்டியைத் தட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டது போல ஒரு தீவு. ஒரு மணி நேரத்தில் மூன்று தரம் சுற்றிவிட்டாள்; நாலாம் தரம் போனபோது நண்டுகள் ஆளை அடையாளம் கண்டு வழிவிட்டன. ஏற்றமும் இறக்கமும் இல்லாத தரையில் மலைநாட்டுக் கால்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தானாக உயர்ந்தது. அதைப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஏதோ யோகாசனம் என்று நினைத்து, தானும் காலைத் தூக்கித் தூக்கி அவள் பின்னாலேயே பாதித் தீவு வந்தார்.

வெள்ளிக்கிழமை கடலில் இறங்குவதென்று முடிவு செய்தாள். பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கரையில் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் சவர்க்காரத்தைத் தேய்த்தாள். கணுக்காலில் ஒரு சுற்று, விரல் இடுக்குகளில் ஒரு சுற்று.

"என்னா புள்ள பண்ற?"

குரல் கொடுத்தவன் முத்துலிங்கம். சமையலறையில் மீன் பிரிவு, ஊர் மலைநாட்டில் இறம்பொடை, ஒன்பது வருடமாக இந்தத் தீவில் இருப்பவன்.

"அட்டை கடிக்கும்லண்ணே? அதான்."

முத்துலிங்கம் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குரும்பை உதிர்ந்ததாக அவனே பிறகு சொல்லித் திரிந்தான்.

"மணல்ல ஏதுடி அட்டை! தோட்டத்துக் குளிரு இன்னும் மண்டைய விட்டு எறங்கலயா ஒனக்கு? ஆனா, பொறு, பொறு. அட்டை இருக்கு. அந்தா, தண்ணிக்குள்ள பாரு."

பார்த்தாள். கண்ணாடி போன்ற தண்ணீரில், முழங்கால் ஆழத்தில், கறுத்துக் கொழுத்து, முழங்கை நீளத்தில் ஒன்று படுத்திருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கு அப்பால் ஒரு குடும்பமே.

அவள் ஓடிய ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் நிலம் இருந்திருந்தால் இந்தியா வந்திருக்கும்.

"கடலட்டை புள்ள! கடிக்காது! சீனாக்காரங்க சூப்பு வச்சிக் குடிக்கிறாங்க!"

"அட்டையவா?"

"ஆமா. ஹட்டனுக்குச் சொல்லியனுப்பு. நம்ம ஊரு அட்டையெல்லாம் வீணாத்தானே போகுது."

ஓடிய வெட்கம் கோபமாக மாறியது. திரும்பி நடந்து வந்து தண்ணீரில் இறங்கி, ஒரு கடலட்டைக்கு நேர் எதிரே கால் மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். அது மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் நின்ற இடத்தில் வேறொன்று நடந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மலையிலிருந்து பீலியில் கொட்டும் தோட்டத்துத் தண்ணீர் விடியற்காலையில் எலும்பைக் கவ்வும். சுடுதண்ணீர் என்றால் யாரோ ஒருத்தி விறகு சுமந்து வந்து ஊதி ஊதி வைத்ததாக இருக்கும். யாரும் விறகு சுமக்காமல், யாரும் ஊதாமல், இவ்வளவு சுடுதண்ணீர் சும்மா கிடந்தது. பொழுது சாயும்வரை அதிலேயே நின்றாள். இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று அப்போதுதான் மனதில் விழுந்தது.

சனிக்கிழமை அந்த நினைப்போடேயே கடைசிப் பக்கக் கடற்கரைக்குப் போனாள். அங்கே புதிதாக ஓலைக் குடில் ஒன்று போட்டிருந்தார்கள். அதன் முன்னால் வெள்ளை மணலில், நாற்பது சட்டிகளில், நாற்பது தேயிலைச் செடிகள்.

முதலில் கண் ஏதோ விளையாடுகிறது என்று நினைத்தாள். கிட்டப் போய் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். தேயிலைதான். நுனியெல்லாம் தீய்ந்த தோசை போலக் கருகி, இலை சுருண்டு கிடந்தது. கையில் ஏறிய கொழுந்து வாசத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நடந்தாள். சமையலறைப் பின்வாசலில் முத்துலிங்கத்தைப் பிடித்தாள்.

"அண்ணே, அங்க என்னாண்ணே அது?"

அவன் மீனைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "தேயில."

"தேயிலன்னு எனக்குத் தெரியாதா? இங்க என்னா செய்யிது?"

"சாகுது." செதிலை உரசினான். "திங்கக்கெழமையிலருந்து என்னமோ காட்சி வைக்கிறாங்களாம். நீ யூனிபோம் எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"போயி எடு," என்றான். அப்போதும் தலையைத் தூக்கவில்லை.

உடுப்பு அறையில் கடுநீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் வரிசையாகத் தொங்கின. கவுண்டரில் நிற்பவர்களின் உடுப்பு. ஜெயந்தினி கையை நீட்டினாள். அதைத் தரவில்லை. ஒரு பையைத் தந்தார்கள். முழங்காலோடு நின்றுபோகும் ஒரு சிவப்புச் சேலை. பிளாஸ்டிக் மல்லிகை. ஒட்டுப்பொட்டு. மேசையில் பாண், ரொட்டி வைக்கும் கூடை அளவில் ஒரு குட்டிக் கூடை, தோளில் மாட்டிக்கொள்ள மினுக்கு நாடா வைத்தது. கூடைக்குள் சட்டையில் குத்துகிற பெயர்ப்பட்டி: ஜினி. அதன் கீழே பொடி எழுத்தில்: தேயிலைப் பெண்.

பையோடு ரொஷானின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா தள்ளினாளா என்பதில் இரண்டு கருத்து உண்டு.

"இது என்ன, சேர்?"

"அழகா இருக்குதானே நங்கி? பின்னேரம் நாலு மணிக்கு விருந்தாளிகளுக்கு டீ. நீங்க செடிக்கு நடுவில நின்னு கொழுந்தெடுக்கிற மாதிரிச் செய்யணும், சிரிக்கணும். படம் பிடிப்பாங்க. அவ்வளவுதான்."

"ஒப்பந்தத்துல கவுண்டர்னு இருக்கு."

"கவுண்டர் வரும், வரும். முதல்ல ஆறு மாசம் இது. எத்தனை பேர் அந்த வேலைக்கு எழுதினாங்க தெரியுமா? உங்களை எடுத்ததே இதுக்காகத்தான். மத்தவங்களுக்குப் பழக்கணும். உங்களுக்குத் தேவையில்லை. அது உங்க ரத்தத்தில இருக்குதானே?"

அற்புதம் என்று அன்றைக்குப் போனில் சொன்னது எதை என்று இப்போது விளங்கியது. தன் தாயின் முப்பத்தொரு வருடத்தை நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன தன் வாயின் மேலேயே அவளுக்கு ஒரு நொடி கோபம் வந்தது. அடுத்த நொடியில் அந்தக் கோபம் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"எங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு அட்டையத்தான் சேர் கேக்கணும். இந்தப் பேர் யாரோடது?"

"உங்களோடதுதான். முழுப் பேர் வெள்ளைக்காரங்க வாய்க்கு வராது. ஜினி, இனிமையா இருக்கு."

"உங்கள 'ரொ'ன்னு யாராவது கூப்பிடுறாங்களா, சேர்?"

ரொஷான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு மாறாமலே அவர் சொன்னார்: "விருப்பம் இல்லாட்டிப் பரவாயில்லை நங்கி. செவ்வாய்க்கிழமை காலையில படகு இருக்கு."

கூடை, இல்லாவிட்டால் படகு. நடுவில் வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணினாள். தோட்டத்தில் கோயிலுக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் சிக்னல் எடுக்கும். பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பேசுவாள் என்று அழகம்மா காலையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். சொல்லக்கூடாது என்றுதான் ஜெயந்தினி நினைத்திருந்தாள். குரலைக் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது.

அழகம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு கேட்டாள்: "எத்தன கிலோ எடுக்கணுமாம்?"

"கிலோவெல்லாம் இல்லம்மா. சும்மா நிக்கணும்."

"சும்மாவா? சும்மா நிக்கிறவளுக்குக் கூடை எதுக்கு?"

"தோள்ல மாட்டிக்கிட்டு…"

"தோள்லயா!" பாறையே அதிர்ந்திருக்கும். "தோள்ல மாட்டுனா ரெண்டு கையும் எப்புடிடி ஓடும்? எந்த மடப்பய பின்னுன கூடை அது?"

அழகம்மாவின் கூடைக்கயிறு தலையில்தான் கிடந்தது. முப்பத்தொரு வருடத்தில் அது உச்சியில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டது. அங்கே முடி முளைப்பதில்லை. எண்ணெய் வைத்தால் அந்த வாய்க்காலில் ஓடி நேராகக் காதுக்கு இறங்கும். சின்ன வயதில் ஜெயந்தினி அதில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவாள்.

"பேரயும் வெட்டிட்டாங்கம்மா. ஜினின்னு வச்சிருக்காங்க."

அழகம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அரைப்பேரா போட்டிருக்கான்?" என்றாள் அழகம்மா.

தோட்டத்தில் அது சாதாரண வார்த்தை இல்லை. நாளெல்லாம் மழையில் நின்று பறித்தும் நிறுவையில் சொன்ன அளவு வராவிட்டால் செக்ரோல் பதிவேட்டில் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும். காலையில் முழு மனுசியாகப் போனவள் மாலையில் பாதி மனுசியாகத் திரும்புவாள். அந்த நாட்களில் அழகம்மா கூடையை எறியும் சத்தத்திலேயே லயத்துக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"வேணாம்டி. நான் வாங்குன அரைப்பேரு போதும், நீ ஒண்ணும் அதுக்கு நிக்க வேணாம். பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரு. ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நான் ஏம்மா வரணும்?" ஜெயந்தினியின் குரல் உயர்ந்தது. "கவுண்டர் வேல என்னோடது. எழுதிக் குடுத்திருக்காங்க. கூடையும் தூக்க மாட்டேன், படகும் ஏற மாட்டேன்."

"அப்ப என்னா செய்யப் போற?"

அது அவளுக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. ஓலைக் குடிலுக்குப் போய் அந்த நாற்பது செடிகளின் முன்னால் நின்றாள். இரண்டு நாளில் இன்னும் கருகியிருந்தன. இதைப் பார்த்தால் அப்பா என்ன சொல்வார் என்று நினைத்தாள். இராமையா கவ்வாத்துக்காரர். வயதான தேயிலையை, நோஞ்சலான தேயிலையை, கிளையும் இலையும் இல்லாமல் கீழே ஒட்ட வெட்டிவிடுகிற வேலை அது. வெட்டிய செடி மொட்டைக் குச்சியாக நிற்கும், பிறகு புதிதாகத் துளிர்க்கும். ஆம்பிளைகள் செய்யும் வேலை. ஜெயந்தினி சாப்பாடு கொண்டுபோன நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் சும்மாவா பார்த்திருந்தாள்!

நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அண்ணே, கத்தி தாங்க."

"எந்தக் கத்தி?"

"இருக்கிறதுலயே பெரிசு."

முத்துலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். "ஆள வெட்டப் போறியா?"

"செடியண்ணே."

"இது சூரை மீன் வெட்டுற கத்தி புள்ள."

"பரவால்ல. அதுவும் செத்த மீன் மாதிரித்தான் நிக்கிது."

அவன் கொடுத்தான். கொடுத்துவிட்டு, தான் கொடுக்கவில்லை என்று சொல்வதற்கு வசதியாக முதுகைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு கேத்தல் கொதிப்பதற்குள் நாற்பதும் முடிந்தது. மூன்று செடிக்கு மேல் கத்தி கண்ணுக்கே தெரியவில்லை, வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது என்று முத்துலிங்கம் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். முதுகைத் திருப்பியவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு வெட்டும் அப்பா வெட்டுவது போலவே சாய்வாக விழுந்தது. கருகிய இலையெல்லாம் மணலில் குவிந்தது. வெட்ட வெட்ட அவள் கோபம் ஏறிக்கொண்டே போனது, குறையவில்லை. சிவப்புச் சேலைக்கு ஒரு வெட்டு. ஒட்டுப்பொட்டுக்கு ஒன்று. ரத்தத்தில் இருக்குதானே என்றதற்கு ஏழெட்டு.

யாரோ போய்ச் சொல்லி ரொஷான் ஓடி வந்தார். இஸ்திரி முதல் தடவையாகக் கலைந்திருந்தது.

"என்ன செஞ்சீங்க? என்ன இது?"

"கவ்வாத்து, சேர்."

"அப்பிடின்னா?"

"உங்களுக்குத் தெரியாது. ரத்தத்துல இல்லைதானே."

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை. நல்ல தெளிவான சிங்களத்தில், கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"உப்புக் காத்துல செத்துக்கிட்டிருந்துச்சு. வெட்டி விட்டாச்சு, நிழல்ல வச்சு நல்ல தண்ணி ஊத்தினா பிழைக்கும். ஆனா கவ்வாத்து வெட்டின மலைக்கு யாரும் கூடை கொண்டுபோக மாட்டாங்க. மாசக்கணக்கில கொழுந்து கிடையாது. எந்தத் தோட்டத்துல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எனக்கு இங்க வேலை இல்லை, சேர். ஒப்பந்தத்துல இருக்கிற வேலைக்குப் போறேன்."

"உங்களை வீட்டுக்கு அனுப்புவேன்!"

"அனுப்புங்க. எதுக்காக அனுப்புறீங்கன்னு எழுத்தில தாங்க. கவுண்டர் வேலைக்கு எடுத்துக் கூடை தூக்கச் சொன்னோம், தூக்கலைன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

அப்படி எழுத முடியாது என்பது ரொஷானுக்கும் தெரியும். கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அறிவிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பதில் வரும்வரை ஆளைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போட முடியாதே; ஒன்பது மணிக்குக் கவுண்டரில் நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினார். கடுநீலக் கோட்டைத் தரவில்லை. நுவரெலியாவில் போட்ட தன் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் போய் நின்றாள். நாலு மணிக்கு வந்த விருந்தாளிகள் நாற்பது மொட்டைக் குச்சிகளைப் பார்த்து, ஏதோ நவீன சிற்பம் என்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ரொஷான் அதைக் கவுண்டரில் வைத்தார். நங்கி என்று கூப்பிடவில்லை.

எச்சரிக்கைக் கடிதம். நிறுவனத்தின் செடிகளைச் சேதப்படுத்தியது குற்றம். இன்னொரு தரம் நடந்தால் வேலை போய்விடும். ஜெயந்தினி அதை மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்தாள். ஒருத்தியை எச்சரிக்க வேண்டுமானால் அவள் யார், என்ன வேலை என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தைப் பார்த்துத்தானே எழுதுவார்கள்? எழுதியிருந்தார்கள்: இராமையா ஜயந்தினி, வரவேற்பு உதவியாளர். ஜினியும் இல்லை, தேயிலைப் பெண்ணும் இல்லை.

"கையெழுத்துப் போடுங்க," என்றார் ரொஷான்.

அவள் பேனையைத் திறந்தாள். பிறகு மூடினாள். கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். கோபம் அப்படியேதான் இருந்தது.

"பேர்ல ஒரு எழுத்துப் பிழை இருக்கு, சேர். 'ஜெ' வரணும், 'ஜ' போட்டிருக்கீங்க. திருத்திக் கொண்டு வாங்க. நான் இங்கதான் நிப்பேன்."